ஒத்திகைப் பயணிகள்

ரப்பர் திரைக்குள் பெட்டியின் கைப்பிடி மறையும்போதுதான் அது என் பெட்டி என்று கண்டுகொண்டேன்.

காபிக் கோப்பையோடு ஓடினேன். பெல்ட் அதைக் கொண்டுபோய்விட்டது.

“எந்தப் பெட்டியை எடுத்துட்டு வந்தீங்க, டெல்மர்?”

“கட்டிலுக்கு அடியில இருந்ததை. ஏற்கெனவே அடுக்கி வச்சிருந்துச்சே” என்றார் என் கணவர்.

எங்கள் விமான நிலையத்தின் புது முனையம் அடுத்த மாதம் திறக்கப்போகிறது. அதற்கு முன்னால் இயந்திரங்களை ஓட்டிப் பார்க்க, ஊர்க்காரர்களைப் பொய்ப் பயணிகளாக வரச்சொல்லியிருந்தார்கள். ஆளுக்கு ஒரு பெட்டி, உள்ளே சாமான் நிரப்பி, நல்ல கனமாக. பதிலுக்கு வான்கோழி சாண்ட்விச்சும் உருளைக்கிழங்கு வறுவலும் இலவசம். சாண்ட்விச் சும்மா கிடைக்கும் என்றால் எங்கள் ஊரில் பாதிப் பேர் நிலாவுக்கே பெட்டி கட்டுவார்கள்.

வாசலில் ஆளுக்கொரு போலிச் சீட்டு கொடுத்தார்கள். டெல்மர் இன்று பீனிக்ஸ் போகிற பயணி. சொந்த மாவட்டத்தைத் தாண்டுவதென்றாலே முகம் சுளிக்கிற மனிதர்.

பனி கொட்டுகிறதே என்று என்னை வாசலிலேயே இறக்கிவிட்டு வண்டியை நிறுத்தப் போனார். கராஜில் கிடக்கும் பழைய பச்சைப் பெட்டியைத்தான் கொண்டுவருவார் என்று நான் நினைத்திருந்தேன்.

அந்தச் சிவப்புப் பெட்டியில் என் துணிகள் எல்லாம் இருந்தன. அம்மாவின் படம், என் சான்றிதழ்கள், நல்ல செருப்பு, தங்கையின் வீட்டுச் சாவி.

வருகிற வியாழக்கிழமை காலை, டெல்மர் நண்பர்களோடு காபி குடிக்கப் போகிற நேரத்தில், நான் டுலூத்துக்கு பஸ் ஏறுவதாக இருந்தேன். அங்கே என் தங்கை ஆர்டிஸ் மாடி அறையை ஒழித்து வைத்திருக்கிறாள். போய்ச் சேர்ந்த பிறகு போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அவர் அடிப்பவர் இல்லை. குடிப்பவரும் இல்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். தானியக் கிடங்கு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற நாளிலிருந்து டிவியில் வானிலை அறிக்கைக்குக் கொடுக்கிற காதை எனக்குக் கொடுத்ததில்லை. போன குளிர்காலத்தில் டாக்டர் போன் செய்து, மார்பில் இருந்தது வெறும் கட்டிதான், பயமில்லை என்றார். ஓடிவந்து இவரிடம் சொன்னேன். “நல்லது” என்றார். பிறகு டிவி சத்தத்தைக் கூட்டினார். அன்றைக்கு எனக்கு மனசு விட்டுப்போயிற்று.

இப்போது என் பெட்டி அந்தச் சுவருக்குப் பின்னால் எங்கேயோ ஓடிக்கொண்டிருந்தது.

உள்ளே மனிதர்களே கிடையாது, எல்லாம் இயந்திரத்தின் மூளை பார்த்துக்கொள்ளும் என்று மைக்கில் ஒரு பெண் பெருமையாகச் சொல்லியிருந்தாள். அந்த மூளை பாஸ்டன் பெட்டிகளைப் பீனிக்ஸுக்கும், பீனிக்ஸ் பெட்டிகளை ஒரு வளைவுக்கும் அனுப்பியது. வளைவில் அவை ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பிளந்துகொண்டன.

பெட்டிகள் திரும்பி வரும் பெல்ட்டில் முதலில் வந்தது ஒரு குளியல் அங்கி. பெட்டி இல்லாமல், அது மட்டும். அடுத்து யாருடையதோ உள்பனியன்கள் வரிசையாக வந்தன. ஊரே கைகொட்டிச் சிரித்தது. நானும் வேறு நாளாக இருந்தால் சிரித்திருப்பேன்.

பக்கத்து வீட்டு கோர்டி கனத்துக்காகப் பூனை மலங்கழிக்கும் மணலைப் பெட்டி நிறைய அடைத்திருந்தான். அது நெடுக மணலைக் கொட்டிக்கொண்டே வந்தது.

“என் பூனையையே உள்ள விட்டிருக்கலாம். அதுவே வழி கேட்டு வந்து சேர்ந்திருக்கும்” என்றான் கோர்டி.

என் அம்மாவின் படம் அந்த பெல்ட்டில் தனியாக வரப்போகிறது என்றே நினைத்தேன். பின்னால் என் துணிகள், சான்றிதழ்கள். ஒத்திகைக்கு யாரும் சான்றிதழ்களை எடுத்துக்கொண்டு வருவதில்லை. பார்க்கிறவர்களுக்குப் புரிந்துவிடும். கட்டிய கணவனுக்கும் முன்னால் கோர்டிக்குத் தெரிந்துவிடும். அதை நினைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. டெல்மருக்காகவும் வெட்கமாக இருந்தது, அதுதான் எனக்கே வியப்பு.

கடைசியில் வந்தது. ஒரு சக்கரத்தைக் காணோம், ஓரம் நசுங்கியிருந்தது. ஆனால் ஜிப் பிரியவில்லை.

நான் கை நீட்டுவதற்குள் டெல்மர் எடுத்துவிட்டார். தரையில் வைத்து, நசுங்கிய ஓரத்தைத் தடவிப் பார்த்தார்.

“நேத்து ராத்திரி எடை போட்டேன். அவங்க கேட்ட கனம் இல்ல. அதான் திறந்தேன்” என்றார்.

காபிக் கோப்பையைப் பக்கத்து நாற்காலியில் வைத்தேன்.

“வழுக்காம இருக்க ஷூவுக்கு அடியில மாட்டுற இரும்பு முள்ளை நீ எடுத்து வைக்கல. ஆர்டிஸ் வீட்டுத் தெரு ஒரே ஏத்தம். பனியில கால் நிக்காது. உள்ள வச்சிருக்கேன்.”

அவர் காதுமடல் இரண்டும் சிவந்திருந்தன. என்னைப் பார்க்காமல் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒலிபெருக்கியில் அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டாள். கோளாறைச் சரிசெய்துவிட்டார்களாம், இரண்டாவது சுற்றுக்கு எல்லோரும் பெட்டிகளை மறுபடி கொண்டுவர வேண்டுமாம்.

“இதைத் திரும்ப உள்ள அனுப்பட்டுமா மார்லிஸ், இல்ல பத்திரமா வண்டியில வச்சிடட்டுமா?”

கேட்டுவிட்டு, என் பதிலுக்காக நின்றார்.