குண்டு பல்பு

ஃபிஞ்ச் குருவிக்கு உடம்பு சரியில்லை என்று பரஞ்சோதி ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டான். செருப்புப் பெட்டிக்குள் பழைய வேட்டித் துணியை விரித்து அதைப் படுக்க வைத்தான். கதகதப்புக்காக மேலே குண்டு பல்பைத் தொங்கவிட்டான். குளுக்கோஸ் தண்ணீரைத் தன் மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்து, அலகோரம் வைத்தான். "குடிடா தங்கம்." கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் மனைவி வேதாவுக்கு அந்தத் தங்கம் கிடைத்ததில்லை.

"போன மாசம் எனக்குக் காய்ச்சல் வந்தப்போ லீவு போட்டீங்களா?"

"நீதான் ஒண்ணுமில்லன்னு சொன்னியே." பெட்டியிலிருந்து அவன் கண்ணை எடுக்கவில்லை. "குருவிங்க நோயை வெளிய காட்டிக்காது வேதா. இறகை உப்பிக்கிட்டு ஒரு மூலையில சும்மா உக்காந்திருக்கும். நாமதான் பாத்துக் கண்டுபிடிக்கணும்."

காலையிலிருந்து போர்வைக்குள் சுருண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்த வேதா அவனையே பார்த்தாள்.

"அந்த ஃபேனை நிறுத்தேன். அதுக்குக் குளிரும்."

எழுந்து போனாள். ஃபேன் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே பல்பு சுவிட்சும் இருந்தது. காய்ச்சலில் கொதிக்கும் விரலை பல்பு சுவிட்சின்மேல் வைத்துக்கொண்டு, அவன் திரும்பிப் பார்க்கிறானா என்று காத்திருந்தாள்.