விண்கலத்துக் குரல்

பீடி சுற்றுகிற வீட்டில் ஒருத்தி எல்லாரும் கேட்கக் கதை வாசித்தால், அவள் பங்கை மற்றவர்கள் சுற்றிக் கொடுப்பது வழக்கம். அன்றைக்கு ஸ்டெல்லா எடுத்தது குடும்பக் கதை இல்லை, விண்கலக் கதை. அட்டையைப் பார்த்ததுமே பக்கத்தில் சுற்றிக்கொண்டிருந்த மாடத்திக்குப் பிடிக்கவில்லை. "மாமியாரே இல்லாத கதைக்கு நான் எதுக்குட்டி உனக்குச் சுத்தணும்?" என்று இலையும் தூளும் இருந்த சொளகைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

கதையில் ஒருத்தி விண்கலத்தில் தனியாகப் போகிறாள். பூமியிலிருந்து புருஷன் தினமும் பேசுகிறான். உண்மையில் அவன் செத்து வெகுகாலம் ஆகிவிட்டது; அவன் குரலில் பேசுவது இயந்திரம். அவளுக்கு அது தெரியாது.

மாடத்தியின் விரல்கள் நின்றுவிட்டன. "அது அவன் இல்லட்டி! ஏதாவது கேட்டுப் பாக்கச் சொல்லு அவள!" என்று கத்தினாள். எல்லாரும் சிரித்தார்கள்.

சாயங்காலம் சவுதியிலிருந்து மாடத்தியின் புருஷன் போனில் கூப்பிட்டான். வெயில், சாப்பாடு, தூக்கம் என்று வழக்கமான பேச்சு. அவன் ஊருக்கு வந்தே வருஷக்கணக்காகிறது. மாடத்தி போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"எனக்கு எந்தக் கையில சூட்டுத் தழும்பு, சொல்லுங்க."



"ஏன் கேக்க?" என்றது குரல்.