சாரை தந்த சட்டை

மண்புழு கோமளத்தின் தம்பிக்குக் கல்யாணம். பிறந்ததிலிருந்து வெற்றுடம்போடு திரிந்தவளுக்கு அன்றைக்கென்று வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்துப் பொந்தில் குடியிருந்த சாரைப்பாம்பு அப்போதுதான் சட்டை உரித்திருந்தாள்.

"அக்கா, ஒரு நாளைக்கு மட்டும் இரவல் தருவீங்களா?" என்று கோமளம் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

அதுவரை சாரையிடம் யாரும் எதுவும் கேட்டு வந்ததில்லை. "எடுத்துக்கோடி! கிழிஞ்சாலும் கவலையில்ல" என்று தானே மாட்டிவிட்டாள்.

மிச்ச நீளத்தை முந்தானை போல இழுத்துக்கொண்டு கோமளம் வாழைத்தோப்புக்குப் போய்ச் சேர்ந்தாள். அவளைக் கண்டதுமே மேளக்காரத் தவளைகள் வாய்க்காலில் குதித்தன. சொந்தக்காரர்கள் எல்லாரும் மண்ணுக்குள் புகுந்துகொண்டார்கள்.

"பாம்பு வந்திருச்சே! எங்க அக்கா இந்த வழியாத்தானே வரணும்? அவளுக்கு என்ன ஆச்சோ!" என்று உள்ளேயிருந்து மாப்பிள்ளை அழுதான்.

"நான்தான்டா அது!" என்று கோமளம் சட்டையைக் கழற்றி எறிந்தாள். தம்பி வெளியே வந்து அவளோடு ஒட்டிக்கொண்டான். அவள் வெற்றுடம்போடு முன்னால் நிற்க, கல்யாணம் நல்லபடியாக நடந்தது.

சாயங்காலம் சட்டையை மண் போகத் துடைத்து எடுத்துக்கொண்டு திரும்பினாள். சாரை பொந்து வாசலிலேயே காத்திருந்தாள்.

"என்னடி, என் சட்டையைப் பார்த்துட்டு எல்லாரும் என்ன சொன்னாங்க?"

ஆசையாகக் கேட்ட அந்த முகத்தைக் கோமளம் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"யாருக்கும் பேச்சே வரலைக்கா" என்றாள்.

சாரைக்குப் பெருமை தாங்கவில்லை. "அடுத்த சட்டையும் உனக்குத்தான்டி!" என்றாள்.