ஸ்கார்வியின் கை

குகை வாசலில் காலை வெயில் ஒரு முழம் உள்ளே வந்துவிட்டது. குள்ளன் ஸ்கார்வியின் தாடியைப் பிடித்து அந்தப் பக்கம் இழுக்கிறான் அரசனின் ஆள் ஹால்கெய்ர். வெயில் பட்டால் குள்ளர்கள் கல்லாகிவிடுவார்கள் என்பது அவனுக்குத் தெரியும். உலையடியில் இருந்த தங்கமெல்லாம் அவன் மூட்டைக்குள் ஏறிவிட்டது. மிச்சம், ஒன்பது குளிர்காலம் தட்டித் தட்டிச் செய்து, இன்னும் சூடு ஆறாமல் ஸ்கார்வியின் உள்ளங்கையில் கிடக்கும் மோதிரம். "குடுத்துட்டு இருட்டுக்குள்ள ஓடிப் பொழச்சுக்கோடா, குட்டப்பயலே!" "ஒரு நாளாவது சுத்தியலப் புடிச்சிருக்கியாடா நீ?" கரி படிந்த பல் தெரியச் சிரிக்கிறான் ஸ்கார்வி. மோதிரத்தை இறுக மூடி, கையைத் தானே வெயிலுக்குள் நீட்டுகிறான். நகத்தில் தொடங்கிய சாம்பல் நிறம் முழங்கையைத் தாண்டித் தோளுக்கு ஏறுகிறது. "இந்தா, எடுத்துக்கோ." சிரிப்பும் அப்படியே கல்லாகிறது. ஹால்கெய்ர் அந்த விரல்களைக் கத்தியால் நெம்புகிறான். கத்திதான் ஒடிகிறது.