தேனீக்களுக்குச் சொல்ல வேண்டும்

நகரத்தில் பதிவுத் திருமணம் முடித்து, கணவனின் பண்ணைக்கு முதன்முறையாக வந்த நொயேமி, தோட்டத்துத் தேன்பெட்டிகள் எல்லாவற்றிலும் கறுப்புத் துணி கட்டியிருப்பதைப் பார்த்தாள். கணவன் தியெரியின் முகம் வெளிறிவிட்டது.

"அம்மா... அப்பா போயிட்டாரா? ஒரு போன் பண்ணக்கூடாதா?"

மாமியார் ஒடெட் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "வீட்டுக்காரர் போனா பெட்டியில கறுப்பு கட்டித் தேனீங்ககிட்ட உடனே சொல்லணும்டா. உன் தாத்தா செத்தப்ப யாரும் சொல்லல, எல்லாம் பறந்து போயிடுச்சு. ஒரு பெட்டி மிஞ்சல."

நொயேமி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் மாமாவைப் பார்க்கவே இல்லையே அத்தை..."

"ஒடெட்!" மாடி ஜன்னலிலிருந்து இருமலோடு ஒரு குரல் வந்தது. "கடைசிப் பெட்டியில முடிச்சு தளர்ந்திருக்கு பாரு!"

நொயேமி சட்டென்று கையை விட்டாள்.

"டாக்டர் நேத்து கைவிரிச்சுட்டார்." ஒடெட் தலை நிமிரவில்லை. "'நான் போனப்புறம் நீ அழுகையில மறந்துடுவே, இப்பவே என் கண்ணு முன்னால கட்டு'ன்னு உங்கப்பா ஒரே பிடிவாதம்."

"கீழ யாரு, மருமகளா?" குரல் மறுபடி வந்தது. "அடியே ஒடெட், கறுப்பை அவிழ்த்துட்டுச் சிவப்பைக் கட்டு! கல்யாணத்தை முதல்ல சொல்லு. என் சேதியை நாளைக்குச் சொல்லிக்கலாம்."

ஒடெட் உள்ளே போய்ச் சிவப்புத் துணியோடு வந்தாள். கறுப்பை அவள் அவிழ்க்கவில்லை. அதன் மேலேயே கட்டினாள்.