தைரியத்துக்கு மூன்று மதிப்பெண்

மூளைக்காய்ச்சலிலிருந்து தேறிய ஏழு வயது பெனிட்டாவுக்கு இருட்டென்றால் நடுக்கம். மூளையில் ஓடுவதைப் படித்துப் பயிற்சியாளருக்கு அனுப்பும் பயிற்சித் தொப்பியைத் தினமும் போட்டுப் பயத்தைக் குறைப்பதுதான் வீட்டுப்பாடம். தைரியத்தில் தொண்ணூறு மதிப்பெண் எடுத்தால்தான் பள்ளியில் திரும்பச் சேர்ப்பார்கள். அவள் நாற்பதிலேயே நின்றாள். மகளின் சார்ட், ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் செய்துகொடுத்துப் பழகிய அம்மா சகாயமேரி, இந்தத் தொப்பியையும் தானே மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் பயிற்சியாளர் போனில் அழைத்தார்.

"பாப்பா மூணுக்கு இறங்கிட்டா மேடம். மூளையில ஒரே யோசனைதான் ஓடுது: 'பிள்ளைக்குக் காய்ச்சல் திரும்ப வந்துருமோ?' ஏழு வயசுல அவளுக்கு ஏது பிள்ளை?"

சகாயமேரி அவசரமாக ஸ்பீக்கரை அணைக்கப் போனாள். பெனிட்டா போனை வாங்கிக்கொண்டாள்.

"எங்கம்மாவுக்குத் தனியா ஒரு தொப்பி அனுப்புங்க சார். அவங்க வீட்டுப்பாடத்தையெல்லாம் நான் செஞ்சு குடுக்க மாட்டேன்."