முடி மாத்திரை

பிள்ளை இல்லையென்று புருசனோடு வந்திருந்த நாகஜோதியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, டாக்டர் குரலைத் தாழ்த்தினார்.

"ஏதாச்சும் மாத்திரை சாப்பிடுறீங்களா, தங்கப்பாண்டி?"

"முடி கொட்டாம இருக்க ஒண்ணு போடுறேன் சார். ரெண்டு வருசமா. வீட்டுக்காரிக்குத் தெரியாது."

"பொண்டாட்டி பக்கம் ஆசையா திரும்பிப் படுத்து எம்புட்டு நாளாச்சு?"

"அதுவும் ரெண்டு வருசம் இருக்கும் சார்."

"சில பேருக்கு அந்த மாத்திரை அப்படிப் பண்ணும். நிறுத்திப் பாருங்க."

"நிறுத்துனா முடி கொட்டிருமே சார்!"

"பிள்ளை வேணுமா, முடி வேணுமா?"

தங்கப்பாண்டி சுருள் முடியைக் கடைசியாக ஒருமுறை கோதிவிட்டு, மாத்திரை டப்பாவைத் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்ட் குப்பைத்தொட்டியில் போட்டான்.

மூன்றே மாதத்தில் நாகஜோதிக்கு வாந்தி. அவனுக்குச் சீப்பு நிறைய முடி.

பிரசவ வார்டில் நர்ஸ், "தாத்தா, பேத்திய பாத்துப் பிடிங்க" என்றாள். மகள் முகத்தைப் பார்த்த சந்தோஷத்தில் அது அவனுக்கு உறைக்கவில்லை.

குழந்தை தவழத் தொடங்கியதும் மூவரும் பழனிக்குப் போனார்கள். முடி எடுக்கும் மண்டபத்தில் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"பிள்ளைக்கு இல்லங்க, உங்களுக்கு" என்றாள் நாகஜோதி. "பிள்ளை பொறந்தா உங்க முடியத் தாரேன்னுதான் முருகனுக்கு நேந்துக்கிட்டேன்."

மொட்டை போடுபவர் அவன் தலையைத் தடவித் தடவித் தேடினார்.

"நேந்துக்கிட்டப்ப அம்புட்டு முடி இருந்துச்சுண்ணே" என்று அவள் கண்ணைக் கசக்கினாள்.

அவர் கத்தியைக் கீழே வைத்தார்.

"அழுவாதம்மா. முருகன் அட்வான்ஸாவே எடுத்துக்கிட்டாரு!"